முடுக்காத போல்ட்: நார்வே ஹைட்ரஜன் பங்க் வெடிப்பும் ஐரோப்பாவின் கூட்டாய்வும்

2019 ஜூன் 10, திங்கட்கிழமை. நார்வேயில் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிய அரசு விடுமுறை. மாலை ஐந்தரை மணியளவில், தலைநகர் ஆஸ்லோவுக்கு மேற்கே சாண்ட்விகாவில் இருந்த ஷோர்பூ ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. இ18, இ16 என்ற இரண்டு முக்கிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. சத்தம் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்டது. தீயணைப்புத் துறை ஆட்களை அப்புறப்படுத்திப் பாதுகாப்பு வளையம் போட்டது, இரண்டு நெடுஞ்சாலைகளும் மூடப்பட்டன. வீரர்களை நெருங்க விடாமல், தொலைவிலிருந்து இயக்கும் ரோபோவைக் கொண்டு தண்ணீர் அடித்து அந்த இடத்தைக் குளிர்வித்தார்கள். இரவுக்குள் தீ கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

உயிரிழப்பு இல்லை. காயம் பட்டது, பக்கத்துச் சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு சாதாரண காரில் இருந்தவர்களுக்கு. வெடிப்பின் அழுத்த அலையை மோதல் என்று எடுத்துக்கொண்டு அந்தக் காரின் காற்றுப் பைகள் விரிந்துவிட்டன. அது ஹைட்ரஜன் கார்கூட இல்லை.

பங்கை நடத்தியது யூனோ-எக்ஸ் ஹைட்ரஜன் என்ற கூட்டு நிறுவனம். பெட்ரோல் பங்குகள் நடத்தும் யூனோ-எக்ஸ், ஹைட்ரஜன் கருவிகள் செய்யும் நார்வே நிறுவனமான நெல் ஏஎஸ்ஏ, வாயு விற்கும் பிராக்ஸேர் ஆகியவை அதில் பங்காளிகள். 2016-இல் திறந்தபோது இது ஒரு காட்சிப்பொருள் மாதிரி. பக்கத்திலேயே, தான் செலவழிப்பதைவிட அதிகமாக மின்சாரம் உற்பத்தி செய்யும் அலுவலகக் கட்டடம். அதன் கூரையில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அங்கேயே ஹைட்ரஜன் எடுத்து, அங்கேயே காரில் நிரப்பலாம் என்பது திட்டம். வருங்காலம் எப்படி இருக்கும் என்று காட்ட அமைச்சர்களையும் செய்தியாளர்களையும் கூட்டிவரத் தோதான இடம்.

அடுத்த நாளே டொயோட்டாவும் ஹுண்டாயும் நார்வேயில் எரிபொருள் கலக் கார்களின், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் கார்களின், விற்பனையை நிறுத்திவைத்தன. நெல் நிறுவனம் அதே வடிவமைப்பில் நார்வேயிலும் வெளிநாடுகளிலும் இயங்கிய மற்ற பங்குகளை நிறுத்தச் சொன்னது. கார் வாங்கியவர்கள்தான் பாவம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதை நிரப்ப இடமில்லை. அப்போது நார்வே முழுவதிலும் இருந்த ஹைட்ரஜன் கார்கள் இருநூறுக்கும் குறைவு.

வெடித்த நேரமும் மோசமான நேரம். மே 23 அன்று தென்கொரியாவின் காங்னுங் நகரில் ஒரு ஹைட்ரஜன் தொட்டி வெடித்து இருவர் இறந்திருந்தார்கள். ஜூன் 1 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில், ஹைட்ரஜன் ஏற்றும் இடத்தில் வெடிப்பு. மூன்று வாரத்துக்குள் மூன்று நாடுகளில் மூன்று சம்பவம். மூன்றின் காரணமும் வேறு வேறு என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் அதை யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

எது கழன்றது

நெல் நிறுவனம் விசாரணைக்கு வெளியாரை அழைத்தது. பெர்கன் நகரைச் சேர்ந்த கெக்ஸ்கான், வாயு வெடிப்பு ஆராய்ச்சியில் பேர் பெற்ற நிறுவனம். கசியும் வாயு எப்படிப் பரவும், எப்படித் தீப்பற்றும், எவ்வளவு அழுத்தம் கிளம்பும் என்று கணினியில் கணக்கிடும் ஃபிளாக்ஸ் மென்பொருள் அவர்களுடையது. அவர்கள் இந்தக் கதையில் இன்னொரு இடத்திலும் வருகிறார்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

ஜூன் 28 அன்று, அதாவது வெடிப்பு நடந்து மூன்று வாரம்கூட முடியுமுன், மூலகாரணம் வெளியிடப்பட்டது. ஹைட்ரஜன் பிரித்தெடுக்கும் எலக்ட்ரோலைசரில் கோளாறு இல்லை. வாடிக்கையாளர் கையில் பிடித்து நிரப்பும் டிஸ்பென்சரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கும் தொட்டிகளில் ஒன்றின் முனையில் இருந்த ஒரு பிளக். அதைப் பூட்டியதில் தவறு.

இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டும், விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கார் தொட்டியில் ஹைட்ரஜன் 700 பார் அழுத்தத்தில் நிற்கிறது. சில நிமிடத்தில் அதை நிரப்ப வேண்டுமானால், பங்கின் தொட்டியில் அதைவிட அதிக அழுத்தம் இருந்தால்தான் வாயு அங்கிருந்து இங்கே பாயும். எனவே பங்கில் சேமிப்பு சுமார் 950 பாரில் இருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் எடை அழுத்துவதற்குச் சமம். பிளக்கின் மீது அந்த அழுத்தம் எந்நேரமும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது போல்ட்டுகள். அவற்றை முடுக்கும்போது ஏற்றிவைத்த இழுவிசை, வாயு தள்ளும் விசையைவிடக் கூடுதலாக இருக்கும் வரைதான் பிளக் அசையாது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து, சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கைக்கு டைட்டாகத் தெரிந்தால் போதாது.

இந்தப் பிளக்கில் இரண்டு வரிசை போல்ட்டுகள், உள்ளே ஒரு சீல், வெளியே ஒரு சீல். இரண்டு சீல்களுக்கும் நடுவே சின்னதாக ஒரு கசிவுத் துளை. உள் சீல் கொஞ்சம் கசிந்தால் அந்த வாயு துளை வழியே வெளியேறிவிடும், உள்ளே அழுத்தம் சேராது. யோசித்துச் செய்த வடிவமைப்புதான். ஆனால் உள் போல்ட்டுகள் போதிய அளவு முடுக்கப்படவில்லை. முதலில் உள் சீலில் மிகச் சிறிய கசிவு. அவ்வளவு அழுத்தத்தில் பாயும் வாயு சீலையே அரிக்க, கசிவு பெரிதானது. ஒரு கட்டத்தில் துளையால் வெளியேற்ற முடியாத அளவுக்கு வாயு வந்தது. சீல்களுக்கு நடுவே அழுத்தம் ஏறியது. இப்போது வாயு தள்ளும் பரப்பும் கூடிவிட்டது, ஆகவே பிளக்கின் மீது மொத்த விசையும் கூடிவிட்டது. பிளக் எழும்பியது, வெளிச் சீல் அந்தக் கணமே போனது. அதற்குப் பிறகு கசிவு என்று சொல்ல முடியாது, பீய்ச்சல்தான். வெளியே வந்த ஹைட்ரஜன் காற்றோடு கலந்து மேகமாகி, தீப்பற்றியது.

எது தீ வைத்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை. ஹைட்ரஜனைப் பொறுத்தவரை அது பெரிய ஆச்சரியமும் இல்லை. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் அது எரியும். பற்றவைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 0.02 மில்லிஜூல். மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உடையில் சேரும் நிலைமின்சாரப் பொறியே போதும். தொட்டி அடியில் பரப்பியிருந்த சரளைக்கல்லை வாயு வீசியடித்ததில் பொறி வந்திருக்கலாம் என்பதும் பேசப்பட்டது. பிறகு நெல் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, தொட்டிகளுக்கு அடியில் சரளை இல்லாத வழவழப்பான தளம் போடுவது.

இருபது ஆண்டுகளாக ஆராய்ந்தது என்ன

ஷோர்பூவைப் படித்தவர்கள் பலர் கேட்ட கேள்வி இது: ஹைட்ரஜன் பாதுகாப்பில் இவ்வளவு பணமும் மூளையும் செலவழித்த ஐரோப்பாவில், ஒரு போல்ட்டை முடுக்காததால் பங்க் வெடிக்குமா? கேள்வி நியாயம்தான். பதில் சொல்ல, அந்தப் பணமும் மூளையும் எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

தொடக்கம் 1990-களின் கடைசியில். ஹைட்ரஜன் காரைச் சாலையில் ஓட்ட ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம். 1998-இல் ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் ஐரோப்பிய ஒருங்கிணைந்த ஹைட்ரஜன் திட்டம் தொடங்கியது. கார் நிறுவனங்களும் வாயு நிறுவனங்களும் ஆய்வகங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஹைட்ரஜன் வண்டிகளுக்கு என்ன விதி வேண்டும் என்று வரைவு எழுதி ஜெனீவாவில் உள்ள ஐ.நா. வாகன ஒழுங்குமுறைக் குழுவிடம் கொடுத்தார்கள். இதெல்லாம் பரபரப்பே இல்லாத வேலை. ஆனால் பிறகு வந்தவை எல்லாம் இதன் மீது எழுந்தவை. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 79/2009 ஒழுங்குமுறை, 2010-இல் அதன் சோதனை விவரங்களைச் சொல்லும் 406/2010, 2013-இல் உலகத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை எண் 13, 2015-இல் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 134.

இந்த விதிகள் கார் தொட்டியைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. கரிம இழை சுற்றிய தொட்டி, அதன் வழக்கமான வேலை அழுத்தத்தைப் போல 2.25 மடங்கைத் தாங்க வேண்டியிருந்தது. 700 பார் தொட்டி என்றால் 1,575 பார். கீழே போட்டுப் பார்ப்பார்கள், தீயில் வாட்டுவார்கள், அமிலம் தடவுவார்கள், ஆயிரக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்வார்கள், துப்பாக்கியால் சுடக்கூடச் செய்வார்கள். தொட்டியின் கழுத்தில் வால்வு பொருத்தும் இடத்தை, பொருத்துவதற்குச் சொன்ன அளவைப் போல இரு மடங்கு முறுக்கிச் சோதிக்க வேண்டும் என்ற விதியும், 2022-இல் நீக்கப்படும் வரை, 406/2010-இல் இருந்தது. ஒரு வடிவமைப்பு இவற்றையெல்லாம் தாண்டினால்தான் சாலைக்கு வரும்.

சாலை அனுபவமும் சேர்ந்தது. 2001-இல் தொடங்கிய க்யூட் திட்டத்தில் ஆம்ஸ்டர்டாம், பார்சலோனா, ஹாம்பர்க், லண்டன், லக்சம்பர்க், மாட்ரிட், போர்ட்டோ, ஸ்டாக்ஹோம், ஸ்டுட்கார்ட் ஆகிய ஒன்பது நகரங்களில் ஊருக்கு மூன்று வீதம் 27 எரிபொருள் கலப் பேருந்துகள் வழக்கமான தடங்களில் ஓடின. ரேக்யவிக்கில் ஒரு துணைத் திட்டத்தில் இன்னும் மூன்று. ஒவ்வொரு நகரிலும் நிரப்பு நிலையத்தை ஒவ்வொரு விதமாகக் கட்டி ஒப்பிட்டார்கள். சில இடங்களில் அங்கேயே எலக்ட்ரோலிசிஸ், சில இடங்களில் இயற்கை எரிவாயுவிலிருந்து, சில இடங்களில் லாரியில் கொண்டுவந்தது. பேருந்துகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடின. அதிகம் தொல்லை கொடுத்தது நிலையங்கள், அதிலும் கம்ப்ரஸர்கள். அந்தக் குறிப்பை இப்போது படிக்கும்போது கொஞ்சம் உறைக்கிறது.

பிறகு ஹைசேஃப். 2004 மார்ச்சில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வு வலையமைப்பு, தலைமை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வு மையம். பிஎம்டபிள்யூ, வோல்வோ, ஏர் லிக்விட், நோர்ஸ்க் ஹைட்ரோ போன்ற தொழில் நிறுவனங்கள் ஒரு பக்கம். அல்ஸ்டர், பீசா போன்ற பல்கலைக்கழகங்களும், பிரான்சின் சிஇஏ, பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு ஆய்வகம் போன்ற அரசு நிறுவனங்களும் இன்னொரு பக்கம். நார்வேயிலிருந்து கெக்ஸ்கானும் அதில் உறுப்பினர். ஷோர்பூவைப் பதினெட்டு நாளில் அவர்களால் பிரித்துக் காட்ட முடிந்ததற்கு இந்தப் பின்னணி ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஹைசேஃபில் ஒரே கசிவை எல்லா ஆய்வகங்களும் தத்தம் மென்பொருளில் கணக்கிட்டு, பிறகு உண்மையான சோதனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். யாருடைய கணக்கு எங்கே தப்புகிறது என்பது எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும். கூட்டாய்வு என்று பெயருக்கு நடப்பதுதான் அதிகம். இது நிஜமாகவே கூடிச் செய்தது. 2005-இல் பீசாவில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் சர்வதேச ஹைட்ரஜன் பாதுகாப்பு மாநாடும், 2009-இல் பதிவான ஹைசேஃப் சர்வதேசச் சங்கமும் அங்கிருந்து வந்தவை.

கராஜும் சுரங்கப்பாதையும்

இந்தக் கூட்டாய்வின் தரம் தெரிய ஒரு எடுத்துக்காட்டு போதும். ஹைட்ரஜன் காரின் தொட்டியில் வெப்பத்தால் திறக்கும் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. தீயில் சிக்கிச் சுமார் 110 டிகிரி செல்சியஸ் தொட்டால் அது திறந்து, தொட்டி வெடிக்கும் முன் வாயு முழுவதையும் வெளியேற்றிவிடும். வேகமாகக் காலியானால் நல்லது என்று துளையைப் பெரிதாக வைத்தார்கள். திறந்த வெளியில் அது சரி. வீட்டுக் கராஜுக்குள் கார் நிற்கும்போது?

அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தினர் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மூடிய கராஜ், சுவரில் ஒரு செங்கல் அளவுக்குக் காற்றுத்துளை. தீப்பற்றவே வேண்டாம். ஹைட்ரஜன் வெறுமனே பீறிட்டு வந்தாலே, காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசான வாயு உள்ளே நிறைந்து, உள்ளிருக்கும் கனமான காற்று அந்தத் துளை வழியே வெளியேற முடியாமல் திணற, சில நொடிகளில் அழுத்தம் சுவரைத் தள்ளிவிடும் அளவுக்கு ஏறுகிறது. அழுத்த உச்சம் என்று இதற்குப் பேர் வைத்தார்கள். வேறு எரிவாயுக்களில் இதைப் பெரிதாக யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் இவ்வளவு இலேசான வாயு வேறில்லை. பிறகு சோதனைகளும் அதை உறுதிப்படுத்தின.

அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைத்தது. துளையைச் சிறிதாக்கினால் தீச்சுடரின் நீளமும் கராஜின் ஆபத்தும் குறையும், ஆனால் தொட்டி காலியாக நேரம் பிடிக்கும். அதுவரை தொட்டி தீயைத் தாங்குமா? 2019 முதல் 2022 வரை நடந்த ஹைடனல்-சிஎஸ் திட்டம் இதைச் சுரங்கப்பாதைகளுக்கும் வண்டி நிறுத்தும் தளங்களுக்கும் பொருத்திப் பார்த்தது. தலைமை அல்ஸ்டர். பிரிட்டனின் பக்ஸ்டனில் உள்ள சோதனைச் சுரங்கத்திலும், கிரெனோபிள் அருகே கைவிடப்பட்ட ஒரு நிஜச் சுரங்கச் சாலையிலும் தொட்டிகளை வைத்துச் சோதித்தார்கள். தீயில் சிக்கினால் வெடிப்பதற்குப் பதிலாக உடம்பு முழுக்க மெதுவாகக் கசிந்து தானே காலியாகிவிடும் தொட்டி ஒன்றையும் அல்ஸ்டர் குழு உருவாக்கியது. உள்ளுறை முதலில் உருகும், அதன் பிறகு வாயு இழைச் சுவரின் நுண்ணிய இடுக்குகள் வழியே கசியும், சுவர் வலுவிழக்குமுன் அழுத்தம் போய்விடும். பாதுகாப்பு வால்வே தேவைப்படாது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிக அழகான யோசனை இதுதான்.

கவனியுங்கள், இவை எல்லாமே வண்டியைப் பற்றியவை. வண்டியின் தொட்டி, வண்டி நிற்கும் கராஜ், வண்டி போகும் சுரங்கம். பொதுமக்கள் பக்கத்தில் உட்கார்ந்து பயணிப்பது வண்டியில், ஆகவே அதில் முதலில் கவனம் போனதில் தவறில்லை.

நடுவில் விழுந்த இடைவெளி

பங்கின் கதை வேறு. வண்டிக்கு இருப்பது போல ஐரோப்பா முழுமைக்கும் ஒரே வகை ஒப்புதல் அதற்குக் கிடையாது. தொட்டிகளுக்கு அழுத்தக் கருவி ஆணை, தீப்பற்றும் சூழலில் இயங்கும் மின்கருவிகளுக்கு ஏடெக்ஸ் ஆணைகள், இடத்துக்கு உள்ளூர் நகராட்சியும் தீயணைப்புத் துறையும், ஆபத்தான பொருள்களுக்கு அந்தந்த நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு. நார்வேயில் அது டிஎஸ்பி என்ற குடிமைப் பாதுகாப்பு இயக்ககம். ஹைஅப்ரூவல் என்ற திட்டம் 2005 முதல் 2007 வரை, நிலையங்களுக்கு அனுமதி வாங்க ஒரு கையேடு தயாரித்தது. ஹைட்ரஜன் நிலையங்களுக்கான ஐஎஸ்ஓ 19880-1 என்ற சர்வதேசத் தரநிலை முழு வடிவில் வந்தது 2020-இல், அதாவது ஷோர்பூவுக்குப் பிறகு.

இவை எல்லாம் கருவி எப்படி வடிவமைக்கப்பட வேண்டும், எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று பேசும். ஷோர்பூ பிளக்கின் வடிவமைப்பில் தவறில்லை. காகிதத்தில் இருந்தபடி பூட்டியிருந்தால் அது நின்றிருக்கும். பூட்டினவர் முடுக்கினாரா, முடுக்கியதை வேறு யாராவது பார்த்தார்களா, பார்த்ததற்குக் குறிப்பு உண்டா என்பது நிறுவனத்தின் உள்வேலை. அங்கே ஆய்வகங்களின் கண் படவில்லை.

தூரக் கணக்கிலும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பங்கைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கணக்கிட, ஒவ்வொரு இணைப்பும் ஆண்டுக்கு எத்தனை தடவை கசியும் என்ற எண் வேண்டும். ஹைட்ரஜனுக்கு அந்த எண்கள் கையில் குறைவு. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம், எண்ணெய், வேதித் தொழில்களின் பழைய கசிவுக் கணக்குகளை எடுத்து, கிடைத்த கொஞ்சம் ஹைட்ரஜன் தரவைக் கொண்டு அவற்றைத் திருத்தி ஒரு பட்டியல் செய்தது. வேறு வழியில்லாமல் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி இரவல் வாங்கிய சராசரிக்குள், ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட பிளக்கை எப்படிப் பூட்டுகிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

ஹைட்ரஜன் தரவு குறைவாக இருப்பதற்குக் காரணம், பங்குகள் குறைவு என்பது மட்டும் இல்லை. நிறுவனங்கள் கூட்டாய்வில் அறிவியலைத் தாராளமாகப் பகிர்ந்துகொண்டன. வாயு எப்படிப் பரவும் என்பதில் யாருக்கும் வணிக ரகசியம் இல்லை. தன் கம்ப்ரஸர் எத்தனை தடவை நின்றது, தன் இணைப்பு எத்தனை தடவை கசிந்தது என்பதில் இருக்கிறது. ஹைசேஃப் காலத்திலேயே ஹையாட் என்ற விபத்துத் தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் அதைப் பராமரிக்கிறது. 2017-இல் அமைந்த ஐரோப்பிய ஹைட்ரஜன் பாதுகாப்புக் குழு அதிலுள்ள சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து வருகிறது. அதில் திரும்பத் திரும்ப வருவது மனிதத் தவறும் நிர்வாகத் தவறும். பராமரிப்பைத் தள்ளிப்போட்டது, செய்முறை எழுதப்படாதது, எழுதியதைப் பின்பற்றாதது. இயற்பியல் தெரியாமல் நடந்தவை குறைவு. ஆனால் ஹையாட்டில் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை வேதித் தொழிற்சாலைகளில் நடந்தவை, செய்தித்தாளில் வந்தவை. பங்கில் நடந்த, வெடிக்காமல் தப்பிய சின்னச் சின்னக் கசிவுகள் அங்கே வந்து சேர்வது அபூர்வம். ஷோர்பூ மாதிரிச் சம்பவத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கூடியவை அவைதான்.

அதற்குப் பிறகு

நெல் நிறுவனத்தைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. 2021-இல் நார்வே காவல்துறை அபராதமும் விதித்தது. யூனோ-எக்ஸ் ஹைட்ரஜன் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் நெல் சரியாக நடந்தது. வழக்குக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு உட்காராமல், எந்த போல்ட், எந்த சீல், எந்த வரிசையில் போனது என்று படம் போட்டு வெளியிட்டது. போட்டி நிறுவனங்களும் தங்கள் பிளக்குகளை எடுத்துப் பார்க்க அது வழி செய்தது. எதிர்பார்க்கக் கூடியது இது என்று தோன்றலாம், ஆனால் தொழில் விபத்துகளில் இது அரிது.

அவர்கள் செய்த திருத்தங்களில் ஒன்றுகூட விந்தையான தொழில்நுட்பம் இல்லை. களத்தில் இருந்த அதே வகைத் தொட்டிகளை எல்லாம் சோதித்துப் போல்ட்டுகளைச் சரிபார்த்தார்கள். பூட்டும் வேலைக்கு விமானத் தொழிலின் நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் முடுக்குவார், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், முடுக்கிய அளவு பதிவாகும், போல்ட்டில் குறி போடப்படும். கசிவு இருக்கிறதா என்று நிலையம் தானாகச் சோதிப்பதை மென்பொருளை மாற்றி அடிக்கடி நடக்கச் செய்தார்கள். இது முக்கியம், ஏனென்றால் ஷோர்பூவில் கசிவு சின்னதாகத் தொடங்கித்தான் பெரிதானது. அந்தச் சின்னக் கட்டத்தில் பிடித்திருந்தால் கதையே இல்லை. கூடுதல் காற்றோட்டமும், பொறி தராத மின்கருவிகளும் அப்புறம் சேர்ந்தன.

தீயணைப்பு வீரர்கள் பக்கம் ஐரோப்பியக் கூட்டுழைப்பு நேரடியாகப் பலன் தந்த இடம் என்று சொல்லலாம். பிரான்சின் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள தேசியத் தீயணைப்பு அதிகாரிகள் கல்லூரியில், 2013 முதல் 2016 வரை நடந்த ஹைரெஸ்பான்ஸ் திட்டம் நிஜ ஹைட்ரஜன் தீயில் பயிற்சி தரும் களத்தை அமைத்தது. 2020-இல் தொடங்கிய ஹைரெஸ்பாண்டர் திட்டம் பல நாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் தம் மொழியில் தம் வீரர்களுக்குச் சொல்லித்தர வழி செய்தது. ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் தீயில் பழகிய ஒருவர் அதற்குள் நேராக நடந்து போய்விடலாம். எரியும் ஹைட்ரஜனை அணைக்கப் பார்ப்பதும் தப்பு. அணைந்தால் வாயு கசிவது நிற்காது, எரியாமல் சேர்ந்து மேகமாகும், பிறகு ஒரே வீச்சில் வெடிக்கும். வாயு வரும் வழியை அடைக்க முடியாவிட்டால் எரியவிட்டுச் சுற்றியிருப்பதைக் குளிர்விப்பதுதான் வழி.

தகவல் சொல்லும் விஷயத்திலும் கொஞ்சம் முன்னேற்றம். ஐரோப்பிய ஹைட்ரஜன் கூட்டமைப்பின் நிதி பெறும் திட்டங்கள், தங்களிடம் நடக்கும் பாதுகாப்புச் சம்பவங்களைக் கூட்டு ஆய்வு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்துவிட்டது. மானியம் வாங்கும் வரை அது சரி. திட்டம் முடிந்து, பங்க் சாதாரண வணிகமாக ஓடத் தொடங்கிய பிறகு, அந்தக் கட்டாயம் யாரைப் பிடிக்கும்? போல்ட்டும் சீலும் தேயத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.

இது இப்போதைய கேள்வி. 2023-இல் வந்த மாற்று எரிபொருள் கட்டமைப்பு ஒழுங்குமுறையின்படி, 2030 முடிவதற்குள் ஐரோப்பாவின் மையப் போக்குவரத்து வலையமைப்பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் நிலையம் வேண்டும். ஒவ்வொன்றும் நாளுக்குக் குறைந்தது ஒரு டன் கொடுக்கக் கூடியதாக, 700 பார் டிஸ்பென்சரோடு. ஒரு காருக்கு ஐந்தாறு கிலோ போதும் என்றிருந்த பங்குகள், இனி லாரிகளுக்குப் பல பத்துக் கிலோ நிரப்பப் போகின்றன. தொட்டிகள் கூடும், இணைப்புகள் கூடும், முடுக்க வேண்டிய போல்ட்டுகளும் கூடும். சாலையில் கார் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு ஏறாததால் சில நாடுகளில் பழைய சிறிய பங்குகளை மூடியும் வருகிறார்கள், அதோடு அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களின் அனுபவமும் கலைந்துபோகிறது. என்னைக் கேட்டால், 200 கிலோமீட்டர் இடைவெளியை விதியாக்கியது போல, மானியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுச் சாலையோரத்தில் நிற்கும் ஒவ்வொரு நிலையமும் தன் கசிவுகளை, தீப்பற்றாத சின்னக் கசிவுகள் உட்பட, ஹையாட்டுக்கு எழுதியாக வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும். நிறுவனங்கள் எதிர்க்கும். பெயரை மறைத்து எண்களை மட்டும் வெளியிடும் ஏற்பாடு விமானத் துறையில் பல காலமாக நடக்கிறது, இங்கேயும் அதைச் செய்ய முடியும்.